வியாழனுக்கு முன் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டர்

எங்கள் கார் சாவிக்கு மசியாமல் போய் மூன்று கிழமை ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெரு, அந்தச் சின்ன ஒழுங்கை, கொஞ்சம் சரிவானது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் தள்ளிவிட்டால் இரண்டாம் கியரில் போட்டுக் கிளப்பிவிடுவேன். நாற்பத்தெட்டு வயதில் லைசன்ஸ் எடுத்தவள் நான். இப்போது எழுபத்திரண்டு. கார் ஓட்டுவதில் எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித்தரத் தேவையில்லை.

தொல்லை ஆஸ்பத்திரி வாசலில்தான். என் மனுசனுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து வலக்கால் மடங்காது. வியாழக்கிழமைதோறும் காலைப் பழக்குகிற கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டோவில் ஏற்றுவதென்றால் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் போட வேண்டும். துறைமுகத்தில் முப்பது வருடம் ஆட்களை வேலை வாங்கிய மனுசன் அதற்குச் சம்மதிக்கமாட்டார். காரில் முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் தானாகவே இருந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார்.

போன வியாழன் கிளினிக் முடிந்து வெளியே வந்தால், தள்ள ஆள் இல்லை. கடைசியில் வாசல் காவலாளிகள் இருவரும் வடை விற்கிறவரும் சேர்ந்து தள்ளினார்கள். இவர் உள்ளே நேரே பார்த்தபடி இருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார்.

"என்னையும் தள்ளுறாங்கள், காரையும் தள்ளுறாங்கள். பட்டது காணும். இனி நான் அங்க வரேல்லை."

"அப்ப கால்?"

"கிடக்கட்டும்."

இப்போது விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். இவரோடு வாதாடிப் பயனில்லை. கார் சாவியில் கிளம்பினால் வருவார், கிளம்பாவிட்டால் வரமாட்டார். ஆகவே புதன் காலையிலேயே கிராண்ட்பாஸில் எங்களுக்குப் பழக்கமான கராஜுக்குக் காரைத் தள்ளிக் கிளப்பிக் கொண்டுபோய் நிறுத்தினேன். மெக்கானிக் முஸ்லிம் ஆள், நல்ல வேலைக்காரர். ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"ஸ்டார்ட்டர் மோட்டர் முடிஞ்சி அம்மா. ஒரிஜினல் இப்ப தேடியும் கெடைக்கிற இல்ல. வேற கம்பெனி செஞ்ச புதுசு ஒண்டு பஞ்சிகாவத்தைக் கடையில ஈக்குது. இந்தக் காருக்குண்டே செஞ்சது. போடவா?"

"போடுங்கோ. இண்டைக்கே முடிய வேணும்."

பட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கீழே புகுந்து பழையதை இறக்கினார். அதை அவர் ஒரு மூலைக்குத் தள்ளப் பார்க்க, நான் கையை நீட்டினேன். கழற்றின சாமானை நான் எந்தக் கராஜிலும் விட்டுவிட்டு வந்ததில்லை. மாற்றியது உண்மைதானா என்று தெரிய வேறு என்ன வழி?

"இத வச்சி என்ன செய்யப் போறீங்க? கறி ஆக்கவா?"

"ஓம். உமக்கும் ஒரு கோப்பை அனுப்பிவிடுறன்."

சிரித்தபடி தந்தார். கல்லு மாதிரிப் பாரம். சந்தைக்குக் கொண்டுபோகிற பையில் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் புதியதைக் கடையிலிருந்து எடுப்பித்துப் பூட்டியாகிவிட்டது. நானே ஏறிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்தது. ஆனால் சாவியை விட்ட பிறகும் உள்ளே கிறீச் என்று ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"புது சாமான் தானே. ரெண்டு நாள் ஓடினா படிஞ்சிரும்" என்றார்.

இருபது வருடம் தோசைமா அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்தவள் நான். மா அரைபடும் சத்தம் எது, கல்லோடு கல் உரசும் சத்தம் எது என்று என் காதுக்குத் தெரியும்.

"தம்பி, அது படியிற சத்தம் இல்லை. பல்லுத் தேயிற சத்தம். கழட்டுங்கோ."

"அம்மா, பெட்டியைப் பாருங்க. நம்பர் எல்லாம் சரியா ஈக்குது."

பெட்டி நிறைய இங்கிலிஷ். நான் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பேன், அதோடு சரி. எழுத்தைப் பார்த்து நான் ஒன்றும் வாங்கினதில்லை, சாமானைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

"நம்பர் கத்தேல்லைத் தம்பி. மோட்டர்தான் கத்துது. கழட்டுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு கழற்றினார். கீழே பேப்பர் விரித்து, பையிலிருந்த பழையதை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பற்சக்கரத்தில் விரல் வைத்து எண்ணினேன். இதிலும் ஒன்பது பல், அதிலும் ஒன்பது. ஆணி போகிற ஓட்டையும் ஒன்றுதான். எஞ்சினோடு பொருந்துகிற முகத்தில் மட்டும் பழையது கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. கிறீஸும் ஊத்தையும் கருப்பாக இறுகிக் கிடந்தன. கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஓரத்தைச் சுரண்டினேன். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. ஊசியை அதற்குள் விட்டு நெம்பினேன். வளையம் மாதிரி ஒரு மெல்லிய தகடு கழன்று கையோடு வந்தது.

மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"இது எஞ்சினுக்கும் மோட்டருக்கும் நடுவுல வார தகடு. நான் பார்க்கல்ல அம்மா. இது இல்லாமப் போட்டா மோட்டர் உள்ளுக்குப் போய், பல்லு எப்பவும் முட்டிட்டே நிக்கும்."

தகட்டை இடையில் வைத்துத் திரும்பப் பூட்டினார். கிறீச்சல் போய்விட்டது. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் மெல்லியதாக ஓர் உரசல் இருந்தது. புதிய மோட்டரின் முகம் பழையதைவிட ஒரு மயிரளவு குறைவு போலும்.

"இது பரவாயில்ல, என்ன?"

"பரவாயில்லை எண்டு நான் சொல்லேல்லையே."

பெருமூச்சு விட்டார். ஆனால் கோபிக்கவில்லை. மூலையில் கிடந்த பால்மா டின்னை வெட்டி, அதே அளவில் ஒரு தகடு செய்து சேர்த்துப் பூட்டினார். சத்தமே இல்லை. அவருக்கு உற்சாகம் வந்து, இன்னும் நல்லாயிருக்கட்டும் என்று இன்னொன்றும் வெட்டிச் சேர்த்தார். இப்போது பல் நுனியில் மட்டும் பிடித்து, கடகடவென்று வழுக்கியது. அதை எடுத்து எறிந்தார். ஒவ்வொரு முறை பூட்டியதும் அவர் கீழே படுத்தபடி "ஸ்டார்ட் குடுங்க" என்பார், நான் சாவியைத் திருப்புவேன்.

கடைசியில், பத்துத் தரம் தொடர்ந்து கிளம்பினால்தான் வீட்டுக்குப் போவேன் என்றேன்.

"பட்டரி செத்துரும் அம்மா!"

"ஒவ்வொரு தரமும் கொஞ்ச நேரம் ஓட விடுறன். நீர் தேத்தண்ணி குடியும்."

பத்துத் தரமும் கிளம்பியது.

வியாழன் காலை கதவைத் திறந்து பிடித்தேன். இவர் பொல்லை ஊன்றி நின்று ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் தள்ளுறது?"

"ஒருத்தரும் இல்லை. ஏறுங்கோ."

ஏறினார். சாவியில் கிளம்பியது. ஆர்மர் வீதிச் சந்தியில் பச்சை விழுந்த நேரம் நான் கிளச்சை அவசரமாக விட்டுவிட்டேன். கார் குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹோனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. இவருடைய கை கதவுப்பிடியை இறுக்கியது. நான் நியூட்ரலில் போட்டேன், சாவியைத் திருப்பினேன். ஒரு திருப்பில் பிடித்தது.

"மெதுவா விடு, அவனுக்கென்ன அவசரம்" என்றார், ஏதோ பிழையெல்லாம் பஸ்காரனில்தான் என்பதுபோல.

கிளினிக்கில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அன்று முன்னுக்குப் பின்னுக்கு மூன்று முறை நடந்தார். வேர்த்து, கதிரையில் வந்து இருந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வியாழனுக்கு நம்பர் எடுத்தனியோ? இல்லாட்டி எங்களைக் கடைசியில விட்டிடுவாங்கள்."