கணக்கில் வராத படகு

படகை நேராக மீன் இருக்கும் பக்கம் விடுவது செல்பி கீப்பிங்கின் வழக்கமில்லை. துறையின் வாயைத் தாண்டியதும் வடக்கே திருப்புவார். தேவாலயக் கோபுரம் கண்ணுக்கு மறையும்வரை வடக்கேயே போவார். கரையில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறவர்கள் பார்த்து அலுக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துவிட்டு, தீவின் பின்பக்கமாகச் சுற்றித் தெற்கே வருவார். அங்கேதான் அவருடைய காட் மீன் இருக்கிறது. எதற்கு இப்படிப் பெட்ரோலைக் கொட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பெட்ரோல் போனா வாங்கிக்கலாம். எடம் போனா போச்சு" என்பார். அவர் ஊரான கின்னி துறையில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். அவர் மனசு நோகக் கூடாதென்று யாரும் வாயைத் திறப்பதில்லை.

நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில் சந்தேகப் பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செல்பி தனி ரகம். வானொலியில் மழை என்றால் வெளியே போய் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கடையில் உப்பிட்ட மாட்டிறைச்சி வாங்கினால், தராசு சொன்ன பிறகும் ஒருமுறை கையில் தூக்கிப் பார்ப்பார். வாளி விற்கிறவன், இவர் கேட்காமலே மூடியையும் சேர்த்துக் கொடுத்தால் வாளியைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுவார். தபாலில் வரும் உறைகளை மேலே கிழிக்க மாட்டார், அடியில்தான் கிழிப்பார். ஏன் என்று கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

தங்கை மெல்வினா அவருக்குச் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவின் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சதுப்பில் மஞ்சள் பெர்ரி பறிக்கப் போனால், வாளியின் மேல் பாசியைப் போட்டு மூடிக்கொண்டு வருவாள். அண்ணனிடம்கூட இடத்தைச் சொன்னதில்லை. "கேட்டா செத்தாலும் சொல்ல மாட்டா" என்று செல்பி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். டிசம்பர் தொடக்கத்தில் அப்படியே சொல்லாமல் செத்தும் போனாள்.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. மெல்வினாவின் உடல் டவுனில், ஈமச்சடங்கு நிலையத்தின் குளிர் அறையில் இருந்தது. மேட்டுக் கல்லறையில் அம்மாவின் பக்கத்தில் அவளைப் புதைக்க வேண்டும். அந்த வருஷம் மீன் ஏமாற்றிவிட்டது, செல்பியின் கையில் ஒன்றுமில்லை. அடக்கச் செலவுக்கு அரசாங்க உதவி கிடைத்தால் உடனே கொண்டுவருகிறோம் என்றார்கள் நிலையத்துக்காரர்கள். மண் உறைந்துவிட்டால் குழி தோண்ட முடியாது, வசந்தம் வரை அவள் அங்கேயே கிடப்பாள், முன்பின் தெரியாத பிணங்களுக்கு நடுவே. டாக்டருக்குக்கூட கையைத் தவிர வேறெதையும் காட்டாதவள் அவள்.

அரசாங்கத்திலிருந்து ஒருத்தி விசாரிக்க வருகிறாள் என்று தெரிந்ததும், செல்பி செய்த முதல் காரியம் படகை ஒளித்து வைத்ததுதான். வீடும் படகும் அப்பா இரண்டு பேர் பெயரிலும் எழுதி வைத்தவை. பாதி மெல்வினாவுடையது. செத்தவளுக்குச் சொத்து இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் அதைத்தான் விற்கச் சொல்வார்கள் என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. பக்கத்து வீட்டு செஸ் டிபோவைக் கூப்பிட்டுக்கொண்டு, படகைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, ஃபர் மரக் கிளைகளை வெட்டி மூடினார்.

"டேய், வீட்ட எங்கடா ஒளிப்ப?" என்றார் செஸ்.

"வாய மூடிட்டு இழு."

வந்தவள் ட்ரூடி பியர்சி, நாற்பது வயதிருக்கும். பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்தாள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் போல செஸ்ஸும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு, கண்ணு?" என்று செல்பி தேநீரை ஊற்றியபடி ஆரம்பித்தார்.

"வால்ட்டர் பியர்சியோட பேத்தி, மாமா."

செல்பியின் கை அப்படியே நின்றது. வால்ட்டர் பியர்சி ஒரு காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு அவர் படகின் பின்னாலேயே வந்து இடத்தை உளவு பார்த்தவன். அந்த ரத்தமா என் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்து வைத்தார்.

"மெல்வினா அத்தை பேர்ல என்னல்லாம் இருக்கு, மாமா?"

"ஒண்ணுமில்ல."

"வீடு?"

"வீடா? அது என்னமோ நிக்குது."

"படகு?"

"படகே கெடையாது."

ட்ரூடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முந்தைய நாள் பெய்த பனியில், இறங்குதுறையிலிருந்து கொட்டகை வரைக்கும் ஒரு பெரிய பொருளை இழுத்துப்போன தடம் பளிச்சென்று கிடந்தது. அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காதது செல்பிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"படகு இல்லாம இத்தனை வருஷம் ரெண்டு பேரும் எத வச்சு சாப்பிட்டீங்க?"

"கெடச்சத வச்சு."

செஸ் கனைத்தார். மேஜைக்கு அடியில் செல்பி அவர் காலை உதைத்தார்.

ட்ரூடி பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க பாருங்க மாமா. ஒண்ணுமே இல்லன்னு நான் எழுதிட்டுப் போனா, ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க. வருமானமே இல்லாம எப்படி வாழ்ந்தாங்க, எங்கயோ பணம் பதுக்கியிருக்காங்கன்னு தோண்ட ஆரம்பிப்பாங்க. அவங்க தோண்டி முடிக்கறதுக்குள்ள இங்க மண்ணு கல்லாயிடும். நீங்க இருக்கற வீடு கணக்குல வராது. பிழைப்புக்கு வச்சிருக்கற படகும் வராது. வலை, மோட்டார், கட்டில், அடுப்பு எதுவும் வராது. பேங்க்ல ஏதாவது கெடந்தா அதுதான் கணக்கு. உங்களுக்குத்தான் பேங்கே கெடையாதாமே?"

"கணக்குல வராதுன்னா ஏன் கேக்குற?"

"வராதுன்னு எழுதவாவது, இருக்குன்னு நீங்க சொல்லணுமே!"

இதைவிட அப்பட்டமான பொறியை செல்பி தம் ஆயுசில் பார்த்ததில்லை. முயலுக்குக் கண்ணி வைக்கிறவன்கூட இவ்வளவு இனிப்பாகப் பேச மாட்டான். இருக்கிறது என்று சொல்ல வைப்பாள், எழுதிக்கொள்வாள், அடுத்த வாரம் வேறொருத்தன் லாரியோடு வருவான். பேச்சுக்கு மாமா, எழுத்துக்கு அரசாங்கம். வால்ட்டரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வந்தான்.

"தாத்தா உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு" என்றாள் ட்ரூடி.

"சொல்லியிருப்பான், சொல்லியிருப்பான்."

"டேய், சொல்லித் தொலைடா!" என்று செஸ் வெடித்தார். "அவ அங்க ஐஸ் பெட்டியில கெடக்கா. நீ இங்க கெளய வெட்டி மூடிக்கிட்டுத் திரியற. உன் புத்திக்கு ஒரு அளவே இல்லையா?"

ட்ரூடி தேநீரை ஊதிக் குடித்தாள், சர்க்கரை கேட்கவில்லை. படகு போனால் தனக்குப் பிழைப்பு போயிற்று, இந்த வயதில் யாரும் இன்னொன்று தரப்போவதில்லை என்பது செல்பிக்குத் தெரியும். படகு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறவர்களில் ஒருவராகிவிடுவார். ஆனால் மெல்வினா தனியாக இருக்கிறாள். இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காதவள்.

செல்பி எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே நடந்தார். ட்ரூடி அவசர அவசரமாகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கொட்டகைக்குப் பின்னால் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தார். பச்சைப் பெயிண்ட் அடித்த முன்பக்கம் தெரிந்தது, பிறகு பக்கவாட்டு, பிறகு மோட்டார். ட்ரூடி ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்க, மாமா."

"விக்கறதுக்கில்ல."

"யாரும் வாங்க வரல. தொழில் படகு, கணக்குல சேராதுன்னு எழுதிக்கறேன். ஆபீஸ்லருந்து இன்னைக்கே டவுனுக்கு போன் போட்டுடுவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அத்தைய மேட்டுக்குக் கொண்டு வந்துடலாம்." அவள் அட்டையில் செருகிய காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து."

செல்பி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, படகின் முன்பக்கம் கட்டியிருந்த கயிற்றை எடுத்து இடது மணிக்கட்டில் நன்றாகச் சுற்றி, இழுத்துப் பார்த்து இறுக்கிக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டார்.