சபாவிலிருந்து வந்த மாணவி

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு சிறுமி வாயே திறக்க மாட்டாள். புத்தகத்தை எடுக்கச் சொன்னால், பக்கத்துப் பிள்ளை எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்தார் போல, ஒரே இரைச்சல். “கூச்சம் டீச்சர், பழகிடுவா லா” என்றார்.

மூன்றாவது மாதம் ‘மந்தம்’ என்று எழுதி, அவளைத் தினமும் ஒரு மணி நேரம், பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பினேன். வீட்டுக்குக் கடிதமும் போனது.

ஒருநாள் இடைவேளையில் கேண்டீன் பக்கம் போனபோது, தட்டு கழுவும் அக்காவிடம் அவள் மலாயில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கடல், படகு, பெரிய மீன். கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“டீச்சருக்குத் தெரியாதா?” என்றார் அந்த அக்கா. “அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், போர்னியோவுல இருக்கிற சபாக்காரங்க. இவ அங்கேயே வளர்ந்தவ. இங்க வந்து ஆறு மாசம்கூட ஆகல. தமிழ் ஒரு வார்த்தை தெரியாதே.”

அலுவலகத்தில் அவளுடைய பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் ‘மலாய்’ என்று எழுதியிருந்தது. அதுவரை நான் அந்தக் கோப்பைத் திறந்ததே இல்லை. மூடி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு முதலில் மலாயில் சொல்லி, பிறகு தமிழில் சொன்னேன். இரண்டு வாரத்தில் ‘மீன்’, ‘வீடு’, ‘எனக்குத் தெரியும்’ எல்லாம் வந்தன. ஒருமுறை கைகூடத் தூக்கினாள்.

அதற்குள் அப்பா பள்ளி மாற்றப் படிவத்தோடு வந்து நின்றார். அவளும் கூடவே நின்றாள்.

“தெலுக் பங்லிமா காராங்ல, மலாய்ல சொல்லித்தர்ற தேசியப் பள்ளியில இடம் கிடைச்சிருச்சு டீச்சர். உங்க லெட்டரைப் பார்த்து இவ அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. பிள்ளைக்கு மூளை சரியில்லையோன்னு பயந்துட்டா.”

“அவளுக்கு ஒரு குறையும் இல்லைங்க. நல்லாப் படிப்பா.”

அவர் என்னையே பார்த்தார். “அப்புறம் ஏன் டீச்சர் லெட்டர் அனுப்புனீங்க?”

நான் விசாரிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிறுமி கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

அடுத்த பாடம் சொல்வதெழுதுதல். பத்துச் சொற்களையும் நிதானமாக வாசித்தேன். வீட்டுக்குப் போனதும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டேன், துணியை எடுத்து மடித்து வைத்தேன்.