நோயில்லாதவர்களின் பழம்

பரக்கத் அலி பதினொரு வருடம் ஆஸ்பத்திரி வாசலில் சாத்துக்குடி விற்றார். 1958இல் ஒருநாள், வார்டில் பாதிக் கட்டில்கள் காலி என்று காவலாள் சொன்னபோது தன் முகம் சுண்டியதை அவரே உணர்ந்தார். பிறர் படுத்தால்தான் தனக்குச் சோறு என்பது அதுவரை அவருக்கு உறைத்ததில்லை. மறுநாளே தள்ளுவண்டியைப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலுக்குக் கொண்டுபோனார்.

"ஒரு மாசம் பாருங்க. ஓடலைன்னா பேசாம பழைய எடத்துக்கே போயிடுங்க" என்றாள் மனைவி ஜீனத்.

நல்ல உடம்போடு இருப்பவர் தனக்கென்று பழம் வாங்குவது அன்று வழக்கமில்லை. வாழைப்பழம் பூஜைக்கும் விசேஷத்துக்கும். சாத்துக்குடி படுக்கையில் கிடப்பவருக்கு. வேலை முடிந்து சங்கு ஊதியதும் வெளியே வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்று கேலி செய்தார்கள்.

"என்ன பாய், எங்கள்ல யாரு படுக்கப்போறோம்னு தெரிஞ்சு வந்துட்டீங்களா?"

ஃபிட்டர் பிச்சமுத்து மட்டும் இரக்கப்பட்டு நான்கு சாத்துக்குடியைப் பையில் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் தெருவில் நடந்தார். மறுநாள் அதே பையோடு திரும்பி வந்தார்.

"நீங்களே வெச்சுக்கங்க பாய். நேத்து சாயங்காலத்துலேருந்து தெருவே பன்னும் ரொட்டியுமா வந்து, பாப்பாயிக்கு என்ன சீக்குன்னு கேக்குது. எம் பொண்டாட்டி நல்லா இருக்கான்னா, மறைக்கிறேங்கிறாங்க. அவ மாவாட்டிக்கிட்டு இருக்கா, ஒருத்தி நாடி பிடிச்சுப் பாக்குறா!"

பரக்கத் அலி சிரிக்கவில்லை. பழம் தின்ன இவர்களுக்கு வெறுப்பில்லை. எடுத்துக்கொண்டு நடப்பதில்தான் சிக்கல் என்று தோன்றியது. சாத்துக்குடியை விட்டார். கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் கொண்டுவந்து, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, நின்ற இடத்திலேயே தின்னக் கொடுத்தார். நோயாளிக்கு யாரும் மிளகாய்த்தூள் கொடுப்பதில்லை. மூன்றாம் வாரம் வண்டி பாதி காலியாயிற்று. பாதிதான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பாப்பாயி ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்தாள்.

"ஆம்பளைங்க இங்கயே தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு வராங்க. பொம்பளைங்களுக்கு வாய் இல்லையா பாய்? காலையில தெருவுக்குள்ள வாங்க."

மறுநாள் பத்து மணிக்கு அவர் குவார்ட்டர்ஸ் தெருவில் வண்டியை நிறுத்தினார். யாரும் வரவில்லை. பாப்பாயி நடுத்தெருவில் நின்று ஒரு கொய்யாவை முழுசாகக் கடித்துத் தின்றாள். அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சாயங்காலம் சங்கு ஊதும் முன்பே கொய்யா தீர்ந்துவிட்டது.

இதனால் ஊருக்கு ஆரோக்கியம் கூடியதா, தெரியாது. கொய்யாவுக்கு அவ்வளவு பெருமை கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் நன்றாக இருக்கும் மனிதர்கள், நன்றாக இருக்கும்போதே, தங்களுக்காகப் பழம் வாங்கினார்கள்.

அடுத்த நாள் காலை காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பரக்கத் அலியின் கையில் ஜீனத் இன்னொரு கூடையையும் கொடுத்தாள்.

"தெருவுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும், ரெண்டு எடத்துக்கும் வேணும்ல?"