விமான நிலையத்தில் நின்ற கப்பல்

செவ்வாய்க்கிழமை காலை 7.52. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் பின்புறத் துறையில் எங்கள் படகைக் கட்டி மூன்றாவது நாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வழக்கம்போல் கைபேசியில் மகளின் கப்பலைத் தேடினேன். கப்பல்களைப் புள்ளிகளாகக் காட்டும் இலவசச் செயலி அது. முந்தின மாலை ஹோர்முஸ் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த புள்ளி, இப்போது கரையைத் தாண்டி ஒரு விமான நிலையத்தின் ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தது.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் கவனிக்கவில்லை.

நானும் கணவர் ஜெயபாலும் தூத்துக்குடியிலிருந்து குமரிமுனையைச் சுற்றி, ஏறக்குறைய இருநூறு கடல் மைல், பதினோரு நாளில் வந்திருந்தோம். முப்பத்தாறு அடி மரப்படகு. சமையல், படுக்கை, எழுத்து எல்லாம் அதற்குள்ளேயே. அவர் டீசல் இன்ஜின் மெக்கானிக். நான் விருப்ப ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை. இங்கே படகு கட்ட ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய். இந்த வாரம் கொச்சியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்ததே ஜெனிட்டாவுக்காகத்தான். எங்கள் ஒரே மகள், சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. அவள் கப்பல் சனிக்கிழமை கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகத்துக்கு வர வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கினேன். அவள் கப்பல் மட்டுமல்ல. அந்த ஓடுதளத்தின் மேல் பல கப்பல்கள் வட்டமாகக் குவிந்திருந்தன. அவளுடைய புள்ளியை ஒட்டி, ஏறக்குறைய இடிக்கும்படி, ஒரு சிறிய எண்ணெய்க் கப்பல்.

ஜெயபால் பார்த்தார். பிறகு விளக்கினார். அங்கே நடக்கும் சண்டையில் ட்ரோனும் ஏவுகணையும் வழி கண்டுபிடிப்பது ஜிபிஎஸ் சமிக்ஞையை வைத்து. அவற்றைத் திசைதிருப்ப யாரோ வானத்தில் பொய்யான சமிக்ஞையை அனுப்புகிறார்கள்.

"ட்ரோனுக்குச் சொல்லுத பொய்யி. கப்பலும் அதையேதான் கேக்குது," என்றார்.

யார் அனுப்புவது என்று கேட்டேன். யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்றார். எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. தன் நாட்டைக் காக்கிறேன் என்று ஒருவன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அவன் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். என் மகள் எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறாள்.

காலை 10.15. யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பத்து நிமிட நடை. ஜெனிட்டாவை வேலைக்கு அனுப்பிய முகவரின் அலுவலகம் அங்கே ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில். கீழே பழம்பொருள் கடை வாசலில் பித்தளைத் திசைகாட்டிகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு வெளிநாட்டுத் தம்பதி அவற்றைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையையே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

மாடியில் இருந்த எழுத்தர் பைஜு, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். என் கைபேசியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆப்புல அப்படித்தான் காட்டும் சேச்சி. பேடிக்க வேண்டா, பயப்பட ஒண்ணுமில்ல."

கப்பல் உண்மையில் எங்கே என்று கேட்டேன். வீட்டாருக்கு இடம் சொல்லக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. மாலுமிகளின் இணையத்தையும் கொச்சி வரும்வரை நிறுத்தியிருக்கிறார்கள். பாதுகாப்புக்காகவாம். யாருடைய பாதுகாப்பு என்று கேட்டேன். அவன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான்.

திரும்பும் வழியில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சாயா. கடைத் தொலைக்காட்சியில் ஒருவர் ஏவுகணைகளின் வீச்சைச் சிவப்பு அம்புகளால் காட்டிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஆட்டம் போல உற்சாகம். அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி? அதே நீரிணையை இருபது வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அதன் முக்கியத்துவம் யாது, இரண்டு மதிப்பெண். அந்த விடையில் மாலுமி என்ற சொல் ஒரு முறைகூட வந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

புதன், வியாழன், வெள்ளி. புள்ளி ஓடுதளத்தைவிட்டு நகரவில்லை. நடுக்கடலுக்குப் போய்விட்டால் இலவசச் செயலிக்குக் கப்பல் எட்டாது, கடைசியாகக் கிடைத்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன். எதிரே கால்வாயில் சுற்றுலாப் படகுகள் போகும்போதெல்லாம், தூரத்தில் நிற்கும் போர்க்கப்பல்களை வழிகாட்டிகள் ஒலிபெருக்கியில் பெருமையாகக் காட்டினார்கள். காதைப் பொத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 8.40. எங்கள் படகில் ஒரு ரேடியோ உண்டு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் கட்டுப்பாட்டு அறையை அழைப்பது அதில் கேட்கும். விடிந்ததிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், கப்பல் பெயரைச் சொன்னது. ஜெனிட்டாவின் குரல். வீட்டில் அப்படி நிறுத்தி நிதானமாக அவள் பேசியதே இல்லை.

என் கை ஒலிவாங்கிக்குப் போனது. ஜெயபால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அமுக்காத. நாம பேசக் கூடாது. கேட்டுக்கோ, போதும்."

கப்பல் நிற்கும் இடத்தைச் சொன்னாள்: வடக்கு ஒன்பது டிகிரி ஐம்பத்தெட்டு நிமிடம். கிழக்கு எழுபத்தைந்து டிகிரி ஐம்பத்தெட்டு நிமிடம். கடல் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் குறித்தேன். துறைமுகத்துக்கு மேற்கே பதினாறு கடல் மைல். தண்ணீரில். புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். ஜெயபால் இன்ஜின் அறைக்குள் போய்விட்டார்.

மாலை 4.30. பைஜுதான் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. உட்காரக்கூட இல்லை, என் கைபேசியைக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கப்பலின் திரைகளெல்லாம் விமான நிலையம் என்றே காட்டினவாம். ரேடாரையும் கண்ணையும் நம்பிப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் வந்த அந்தச் சிறிய எண்ணெய்க் கப்பலோடு ரேடியோவில் சொல்லிச் சொல்லியே விலகியிருக்கிறார்கள். எதிர்முனையில் பேசியவன் இளைஞன், மிகவும் பயந்திருந்தான் என்றாள். சொல்லிக்கொண்டே அதன் பெயரைச் செயலியில் அடித்துத் தேடினாள். அவளுடைய கப்பல் இப்போது வல்லார்பாடத்தில் ஒழுங்காக நின்றது. எண்ணெய்க் கப்பல் இன்னும் அந்த ஓடுதளத்தில், ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நேரத்தோடு.

"ஆப்புல அப்படித்தான் காட்டும்," என்றேன். பைஜு சொன்ன அதே வார்த்தை.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவங்க இன்னும் நீரிணைய விட்டு வெளிய வரலம்மா."