மாமனார் ஏன் வண்டி ஓட்டவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் என் மாமனாருக்குப் பதினாறாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் கொடைரோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். பெயர் வேலுச்சாமி. மாமாவோடு ராணுவத்தில் இருந்தவராம்.

படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கடைசி வரைக்கும் அவன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையா?" என்றார்.

ஸ்டியரிங்கா? எங்களுக்குத் தெரிந்த மாமா, ராணுவத்தில் சமையல்காரர்!

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினேழு வருஷம் ராணுவம். அப்புறம் உள்ளூரில் வங்கிக் காவலாளி. மூன்று பெண்கள். காலையில் மூன்று பேருக்கும் ஜடை பின்னுவது அவர்தான் — அத்தைக்கு அவ்வளவு நேராக வகிடு எடுக்க வராது. அவர் சப்பாத்தி இட்டால் தட்டு வைத்து வெட்டியது மாதிரி வட்டமாக இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்ட மாட்டார், வாங்கவும் மாட்டார். கல்லூரி போக என் மனைவி ஸ்கூட்டர் கேட்டபோது, "டவுன் பஸ் இருக்குல்ல?" என்று முடித்துவிட்டார். மூன்று வருஷமும் தினம் கூடவே வந்து, அவள் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். தோழிகள் முன்னால் அவளுக்கு மானம் போகும்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளே ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். ஆசையாக அப்பாவை ஏறச் சொன்னாள்.

"நீ முன்னால போ பாப்பா. நான் நடந்து வாரேன்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம். "மிலிட்டரிக்குப் போயும் சப்பாத்திதானே சுட்டீங்க... சரியான பயந்தாங்கொள்ளிப்பா நீங்க!"

அதற்கும் சிரித்தார்.

வேலுச்சாமி ஐயா சொல்லித்தான் மிச்சக் கதை தெரிந்தது. மாமா ராணுவத்தில் சேர்ந்தது லாரி டிரைவராக. ஒருநாள் மலைப்பாதையில் போகும்போது ரோடு இடிந்து லாரி பள்ளத்தில் உருண்டிருக்கிறது. வேலுச்சாமி ஐயா உட்படப் பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். மாமாவும் தப்பினார். அவர் பக்கத்து சீட்டில் இருந்தவர் மட்டும் தப்பவில்லை. லீவில் ஊருக்குக் கிளம்பியவர். பிறந்த மகளை முதல்முதலாகப் பார்க்கப் போனவர்.

"தப்பு அவன் மேல இல்ல தாயி. விசாரணையிலயும் அப்படித்தான் சொன்னாக. ஆனா அவன் மனசு கேக்கல. இனிமே என்னைய நம்பி யாரையும் வண்டில ஏத்தாதீகன்னு ஆபீசர்ட்ட மன்றாடி, சமையலுக்கு மாறிட்டான்" என்றார் வேலுச்சாமி ஐயா.

என் மனைவி மெதுவாக அத்தையைப் பார்த்தாள்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிட்டாரு. இதக் கேட்டுட்டு வேணாம்னாலும் சரின்னாரு."

"நான் பயந்தாங்கொள்ளின்னு திட்டுனப்பக்கூட நீ சொல்லலையே!"

"சொல்லத்தான் வந்தேன். அவருதான் தடுத்துட்டாரு. 'அவ அம்புட்டு தைரியமா ஓட்டுறா. இதச் சொன்னா, பிரேக்கத் தொடுறப்பல்லாம் இதுதான் ஞாபகம் வரும். பேசாம இரு'ன்னாரு."

அதன்பிறகு அவள் அழுததைப் பற்றி எழுதப்போவதில்லை. அழுது முடித்து முகம் கழுவி, வேலுச்சாமி ஐயாவுக்கு இலை போட்டுத் தானே பரிமாறினாள். அவர் சாப்பிட்டு எழும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேள்வி கேட்டுப் பத்தி எழுதுகிறவன் நான். மாமாவோடு இருபது வருஷம் மழையைப் பற்றிப் பேசினேன், அரசியல் பேசினேன். "ஒரு வண்டி வாங்கினா என்ன மாமா?" என்றும் கேட்டிருக்கிறேன். அது கேள்வியா? நச்சரிப்பு! ஏன் ஓட்டுவதில்லை என்று ஒரு தடவை... ஒரே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே குஜிலியம்பாறையில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு.

"ஏம்ப்பா, உங்க இருபது வயசுல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏலே... யாரு உங்கிட்ட சொன்னது?"