பால்வாடி சொர்ணம்மாளும் சொல் கேளாத குட்டியும்

சொர்ணம்மாள் பிரம்மநாயகம். பிறப்பு 1957, நாங்குநேரி வட்டம். மறைவு 2022 நவம்பர், மும்பை. தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் நம் சங்கம் நடத்திவந்த பால்வாடியில் 1991 முதல் 2020 வரை ஆசிரியையாகப் பணியாற்றினார். கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்து இளம் வயதிலேயே காலமானவர். ஒரே மகன் முலுண்டில் வசிக்கிறார். அம்மையார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

அவரைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதானால் அந்த ஆட்டுக்குட்டிக் கதையைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று பலரும் கூறினர். அவரிடம் படித்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டார்கள். தமிழ் எழுத்து மறந்தவர்களுக்கும் அந்தக் கதை மறக்கவில்லை. ஆனால் அது நகைச்சுவைக் கதை என்றே பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தவேண்டியிருக்கிறது.

தாய் ஆடு மேயப் போகும்போது, வாசலைத் தாண்டாதே என்று குட்டியிடம் சொல்லிச் செல்கிறது. குட்டி கேட்பதில்லை. இது எல்லா ஊரிலும் உள்ள கதைதான். வழக்கமாக இந்த இடத்தில் ஓநாய் வரும். சொர்ணம்மாளும் தொடக்கத்தில் ஓநாயை வைத்தே சொல்லிவந்தார். தாராவிப் பிள்ளைகள் ஓநாய்க்குப் பயப்படவில்லை. அதைக் கண்டவர் அவர்களில் எவருமில்லை. தாமே ஓநாயாக வேண்டும் என்று ஆளுக்கு ஆள் போட்டியிட்டார்கள். 1994 மழைக்காலத்தில் பால்வாடியிலிருந்து நழுவி ஓடிய நான்கு வயதுப் பையன் ஒருவன் முனையில் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தான். பால்வாடிக்கு அப்போது கதவு கிடையாது. ஒரு சாக்குத் திரை மட்டுமே தொங்கியது. அதன் பிறகு சொர்ணம்மாள் கதையிலிருந்து ஓநாயை எடுத்துவிட்டார்.

அவர் அமைத்த கதையில் குட்டி வாசலைத் தாண்டிச் சென்று தையல்காரரின் அளவு நாடாவைத் தின்கிறது. ரேஷன் கடைச் சுவரொட்டியைத் தின்கிறது. போலீஸ்காரரின் முழங்காலில் முட்டுகிறது. பிள்ளைகள் ஆட்டை இந்தியில் “பக்ரி, பக்ரி” என்று கூவிச் சிரிப்பார்கள். இதற்கிடையில் தாய் வீடு திரும்புகிறது. குட்டியைக் காணாமல் தேடிப் புறப்படுகிறது. குட்டியோ வயிறு நிறைந்து வேறொரு சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. தாய் இல்லை. “அது இன்னும் தேடிக்கிட்டே இருக்கு” என்று சொல்லிச் சொர்ணம்மாள் எழுந்துவிடுவார்.  பிறகு கிச்சடிப் பாத்திரம் திறக்கப்படும்.

குட்டிக்கு நிரந்தரமான பெயர் இல்லை. அன்று எந்தப் பிள்ளை சொல் கேளாமல் வாசலைத் தாண்டியதோ அந்தப் பிள்ளையின் பெயரே குட்டியின் பெயர். இதுவே அவருடைய முறை. பெயர் சூட்டப்பட்ட பிள்ளை வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்ளும். மற்றவர்கள் அதன் முதுகில் தட்டுவார்கள். லாரி விபத்துக்குப் பின் அவர் பொறுப்பிலிருந்த எந்தப் பிள்ளையும் அந்தச் சாலையில் அடிபட்டதில்லை. இதை நிர்வாகக் குழுவிலிருந்த நாங்கள் பெருமையாகப் பலமுறை பேசியிருக்கிறோம்.

2019 ஜூன் இறுதியில் சஃப்ரீன் என்ற பெண் குழந்தை சீவிய ஐஸில் சாயப் பாகு ஊற்றி விற்கும் ஐஸ் கோலா வண்டியைப் பார்ப்பதற்காகச் சாலை முனை வரை ஓடிவிட்டாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. தந்தை இனாயத்துல்லா கடையநல்லூர்க்காரர்; அடுத்த சந்தில் கைப்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அன்று குட்டியின் பெயர் சஃப்ரீன் ஆயிற்று. அவளும் எல்லாரையும் போல் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜூலையில் அவளுடைய தாய் பேகத்துக்கு மழைக்காலக் காய்ச்சல் கண்டது. டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவர் வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே அடக்கத்துக்கு எடுத்துச் சென்றார்கள். குழந்தையிடம், உம்மா மும்பையிலேயே கோவண்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தார்கள். கோவண்டியிலிருந்து அந்தப் பெரியம்மாவே வந்து இரண்டு நாள் தங்கிப் போனார். தங்கை தன்னோடு வரவில்லை என்பதை அவர் எப்படி விளக்கினார் என்பது தெரியவில்லை.

சஃப்ரீன் பால்வாடிக்கு வருவதை நிறுத்தினாள். ஆகஸ்டில் சொர்ணம்மாள் துக்கம் கேட்கச் சென்றபோது அவள் பட்டறை வாசற்படியில் அமர்ந்திருந்தாள். மாடியில் வீடு, கீழே பட்டறை. மாடிக்கு ஏறமாட்டாள், சந்திலும் இறங்கமாட்டாள் என்று இனாயத்துல்லா வருத்தத்துடன் கூறினார். சொர்ணம்மாள் அவள் தலையைத் தடவி, மற்றவர் காதிலும் விழும்படி, “நல்ல பிள்ளை. வாசலைத் தாண்டவே மாட்டேங்கா, பாத்தியளா?” என்று பாராட்டினார். இந்தச் சொற்களை அவரே பிற்காலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மழை கடுமையாக இருந்தது. குழந்தை படியிலேயே உண்டு, படியிலேயே உறங்கினாள். உறங்கிய பின் தூக்கிக்கொண்டு மாடியேறினால் விழித்துக்கொண்டு அலறினாள். சாரலில் நனைந்து நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைந்தது. தாயைக் கொண்டுபோன காய்ச்சல் இவளையும் கொண்டுபோகும் என்று தந்தை அஞ்சினார். கடையநல்லூரிலிருந்து தாயத்து வரவழைத்துக் கட்டினார். செய்தி கேட்டுச் சொர்ணம்மாள் மீண்டும் சென்று படியில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து, உள்ளே போய்ப் படுத்தால் என்ன என்று கேட்டார்.

“உள்ள போயிட்டா உம்மாவுக்கு நான் இருக்கது தெரியாதுல்லா?” என்றாள் சஃப்ரீன்.

உம்மா எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டார்.

“என்னைத் தேடிக்கிட்டுப் போயிருக்கா. நான் கோலா பாக்கப் போனேன்ல. குட்டி வீட்டுக்கு வந்துட்டுன்னு யாராச்சும் போய்ச் சொல்லணும், டீச்சர்.”

சொர்ணம்மாள் அங்கேயே கதையை மாற்றிச் சொன்னார். தாய் ஆடு தேடிக் களைத்துத் திரும்பிவிட்டது என்றார். வந்து குட்டியை நக்கிக் கொடுத்தது என்றார். சஃப்ரீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். “கதை அப்படி இல்ல. இன்னும் தேடிக்கிட்டே இருக்கு. நீங்கதான சொன்னீங்க.” மறுமுறை வேறுவிதமாக முயன்றார், அதே பதில்தான் வந்தது. நான்கு வயதுக் குழந்தைகள் கதையில் ஒரு சொல் மாறினாலும் ஏற்பதில்லை என்பது அத்தனை ஆண்டுக்கால அனுபவத்தில் அவருக்கு நன்கு தெரிந்ததே.

குழந்தை சொன்னதை எடுத்துக் கூறி, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இனாயத்துல்லாவிடம் கேட்டார். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலேயே அவர் பதில் சொன்னார். “ஆட்டுக் கதையாலயா இந்தப் பிள்ள இப்படி ஆயிருக்கா? அப்பம் தாராவியில பாதிப் பிள்ளைக படியிலதான் கிடக்கணும், டீச்சரம்மா. மௌத்துன்னா என்னன்னு நாலு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லுவீங்க? கொஞ்ச நாள் போவட்டும். அதுவா மறந்துரும்.” அவர் கெட்டவர் அல்லர். மனைவியின் பெயரை அந்த வீட்டில் அவரால் சொல்லவே முடிந்ததில்லை.

இரண்டு வாரத்தில் குழந்தையின் மூச்சிரைப்பு அதிகமாயிற்று. இனியும் படியில் கிடந்தால் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார். செப்டம்பர் 18, புதன்கிழமை, இனாயத்துல்லா சரக்கு கொடுக்க வெளியே போயிருந்த நேரத்தில் சொர்ணம்மாள் அங்கே சென்றார். பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“உம்மா உன்னத் தேடிப் போகலம்மா. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா. அங்கயே இறந்துட்டா. நீ கோலா பாக்கப் போனதுக்கும் அதுக்கும் ஒண்ணும் கிடையாது. இனி வரமாட்டா.”

 “அப்ப ஆடு?” என்று குழந்தை கேட்டாள்.

ஆடே இல்லை, அது நான் கட்டிய கதை என்று சொர்ணம்மாள் விளக்கினார். அவளுக்கு அது விளங்கவில்லை. ஆடும் செத்துப் போயிற்றா என்று மறுபடியும் கேட்டாள். சொர்ணம்மாள் ஆமாம் என்றார். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அதன்பின் பலவாறு யோசித்ததாகவும், ஒன்றும் தோன்றவில்லை என்றும் என்னிடம் கூறினார்.

சஃப்ரீன் மடியிலிருந்து இறங்கினாள். ஒரு சொல்லும் சொல்லாமல், அழாமல், ஏணிப்படியில் ஏறி மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிரவு சொர்ணம்மாளுக்கு ஓரளவு நிம்மதி இருந்தது. குழந்தையின் உடம்பும் சில நாளில் தேறியது. ஆனால் நடந்ததைப் பட்டறை ஆட்கள் மூலம் அறிந்த இனாயத்துல்லா பால்வாடி வாசலுக்கே வந்து, பிள்ளைகள் முன்னிலையில், இனி என் பிள்ளையின் பக்கம் வரவேண்டாம் என்று கூறிச் சென்றார். சத்தம் போடவில்லை. அந்த மாத இறுதியில் சஃப்ரீனைக் கோவண்டியில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அதற்குப் பிறகு பால்வாடியில் ஆட்டுக் கதை சொல்லப்படவில்லை. பிள்ளைகள் கேட்டபோது மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். வாசலுக்குத் தாழ்ப்பாளுடன் கூடிய கதவு வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டார். டிசம்பரில் கதவு போடப்பட்டது. அந்தக் கதவை 1994-லேயே போட்டிருக்க முடியும். எங்களுக்கு அது தோன்றவில்லை. கதையே போதுமானதாக இருந்தது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் பால்வாடி மூடப்பட்டது. பிறகு திறக்கப்படவேயில்லை.

சொர்ணம்மாளுக்கு இதய நோய் இருந்தது. முலுண்டுக்கே வந்துவிடும்படி மகன் அழைத்தும் அவர் தாராவியை விட்டுப் போகவில்லை. சஃப்ரீனை ஒருமுறை பார்க்கவேண்டும், அவள் ஏதாவது பேசவேண்டும் என்பது ஒன்றே அவருடைய எண்ணமாக இருந்தது. இரண்டு முறை கோவண்டிக்குப் போனார். இரண்டு முறையும் பெரியம்மா மரியாதையாக வரவேற்றுத் தேநீர் கொடுத்தார். குழந்தை உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

மூன்றாம் முறை சென்றது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். முதல் மாடியில் கதவு திறந்திருந்தது, திரை தொங்கியது. உள்ளே சஃப்ரீனின் குரல் கேட்டது. அவளுக்கு ஏழு வயது ஆகியிருந்தது. பெரியம்மாவின் சிறு பிள்ளைகளுக்குப் பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அளவு நாடா, ரேஷன் கடைச் சுவரொட்டி, போலீஸ்காரரின் முழங்கால் எல்லாம் வரிசை மாறாமல் வந்தன. குட்டியின் பெயர் சஃப்ரீன். சிறு பிள்ளைகள் சிரித்தார்கள். சொர்ணம்மாள் திரைக்கு வெளியே, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி நின்றார்.

குட்டியின் அம்மா வந்ததா என்று ஒரு பிள்ளை இந்தியில் கேட்டது.

“இல்ல. செத்துப் போச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. அது பொய். இன்னும் தேடிக்கிட்டே இருக்கு” என்றாள் சஃப்ரீன்.

சொர்ணம்மாள் திரையை விலக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. சத்தமில்லாமல் படியிறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்தார். அதன்பின் அவர் கோவண்டிக்குப் போகவில்லை. கடைசியாகப் போனது 2022 பிப்ரவரி 11.