கப்பலுக்குக் கட்டிய பெட்டி

நேற்று முழுவதும் கூடத்தில் நீங்கள் இரண்டு பேரும் பெட்டிகளைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கப்பலில் உல்லாசப் பயணம். எத்தனை சட்டை வேண்டும், ராத்திரி விருந்துக்குத் தனியாகச் செருப்பு வேண்டுமா, கடல்காற்றுக்குக் கம்பளி வேண்டுமா என்று ஒரே வாக்குவாதம். என்னையும் கேட்டீர்கள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபமா என்று பெரியவள் அம்மாவிடம் விசாரித்தாளாம். கோபமெல்லாம் இல்லை. கப்பலுக்குப் பெட்டி கட்டுகிற விஷயத்தில் எனக்கு ஒரு பழைய சங்கதி இருக்கிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஆறோ ஏழோ வயது. குடவாசலுக்குத் தெற்கே வாய்க்கால் கரையை ஒட்டி வரிசையாகக் கூரைவீடுகள், அதுதான் எங்கள் தெரு. வீடு எங்களுடையது. வீட்டுக்குக் கீழே இருந்த மண் மிராசுதாருடையது. அவர் வயலில் வேலை செய்கிறவரைக்கும் அங்கே இருந்துகொள்ளலாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் கூரையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சட்டம் வந்தது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று பஞ்சாயத்து ரேடியோவில் சொன்னார்கள். அதிகாரி வந்து வீடு வீடாகப் பார்த்து, யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் பெயரில் பட்டா எழுதுவார். எப்போது வருவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் வருவதற்குள் எத்தனை வீட்டைக் காலி செய்யலாம் என்பதுதான் பண்ணையில் யோசனை. ஏற்கனவே கூலி நெல் தகராறு வேறு. தெருவுக்கு வேலை கிடையாது என்று சொல்லி, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி, போலீஸ் காவலோடு சம்பா அறுவடையை முடித்திருந்தார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒருவேளைக் கஞ்சிதான்.

மிராசுதாரின் காரியக்காரர் தினமும் காலையில் சைக்கிளில் கரைமேல் வருவார். மணி அடிக்கமாட்டார். மெதுவாக மிதித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டே போவார். கோடிவீட்டுக் குடும்பம் வயிற்றுப்பாட்டுக்காகச் செங்கல் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அவர்கள் வீடு இருந்த இடத்தில் வாழைக்கன்று நட்டிருந்தது. ஓடிப்போய்க் கேட்டார்கள். காரியக்காரர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

“சட்டி பானையெல்லாம் தூக்கிக்கிட்டுல்ல போனீங்க? சாமான் எங்க இருக்கோ அங்கதானேய்யா குடி. இங்க என்ன இருக்கு ஒனக்கு?”

அந்த வார்த்தை தெரு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் பினாங்கிலிருந்து பெரியப்பா கப்பல் டிக்கெட் அனுப்பினார். அவர் வாலிபத்திலேயே கப்பலேறிப் போனவர். பெரியம்மா இறந்துபோயிருந்தாள். மகளுக்குக் கல்யாணம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஜோடியாக இரண்டு பேர் நிற்கவேண்டும். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வந்தால்தான் ஆகும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமல்ல, அத்தைக்கும் டிக்கெட் வந்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே வயலில் பாம்பு கடித்து மாமா போய்விட்டார். பிள்ளை கிடையாது. எங்களோடுதான் இருந்தாள். நாற்று நடுகிறபோது அவள் கை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மற்ற பெண்கள் அவளைத் திட்டுவார்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது ஆம்பிளைகளே கரையில் நிற்க, இவள் சேலையைத் தார்பாய்ச்சிக்கொண்டு அக்கரைக்கு நீந்திப்போய்விட்டு வருவாள். டிக்கெட் வந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

குடவாசல் கடைத்தெருவில் ராவுத்தர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். சின்ன வயதில் பலமுறை கப்பலில் போய்வந்தவர். அப்பா அவரிடம்தான் யோசனை கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளித்தான் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும், மேல்தளத்தில் பாய் விரிக்கிற அளவுதான் இடம், எலுமிச்சம்பழம் கட்டாயம் வேண்டும் என்றெல்லாம் சொன்னார். தன் வீட்டுப் பரணில் கிடந்த பெரிய தகரப்பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது என் கன்னத்தைக் கிள்ளி, “பெட்டிய ரொம்ப ரொப்பிடாதீங்க தம்பி. கனம் கூடுச்சுன்னா கப்பல் முழுகிடும். ஒங்கள்ல ஒரு ஆள எறக்கி வுட்டுட்டுத்தான் போவாங்க” என்றார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கப்பலைப் பற்றி ஊரிலேயே தெரிந்தவர் அவர்தானே.

பெட்டியை அடுக்கியது அத்தைதான். கீழே கடனுக்கு வாங்கிய புதுநெல் அரிசி, அதன்மேல் புளி, நார்த்தங்காய், பெரியப்பாவுக்குப் பிடித்த கருவாடு துணியில் சுற்றி. பிறகு அம்மாவின் கூறைச்சேலை, அப்பாவின் ஒரே சட்டை, கல்யாணத்துக்குக் கொடுக்கிற வெண்கலச் செம்பு. எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய இரண்டு சேலைகள், ஒன்று பச்சை, ஒன்று மாந்துளிர் நிறம். என் பம்பரத்துக்கும் ஒரு மூலையில் இடம் விட்டாள். மூடுவாள். ஏதோ ஞாபகம் வந்து மறுபடியும் திறப்பாள். கப்பலில் போகிறவர்கள் நடுக்கடலில் எதைக் கேட்டு யார் வீட்டுக்குப் போவார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம் எதிர்வீட்டு மாமா வந்தார். தெருவில் விவசாயச் சங்கத்து ஆள் அவர்தான். பெட்டியைப் பார்த்துவிட்டு உட்காராமலே நின்றார்.

“இந்தப் பெட்டி கரைமேல போனா என்ன ஆவும்னு தெரியும்ல மாப்ள? நீங்க நாகப்பட்டணம் போய்ச் சேர்றதுக்குள்ள இங்க வாழைக்கன்னு வந்துடும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது தெரியாமல் இல்லை. சொல்ல ஆள் வரவேண்டும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது.

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அரிசி பானைக்குத் திரும்பியது. வெண்கலச் செம்பு அடுப்படிக்குப் போனது. நான் நினைத்தேன், கனம் கூடிப்போய்விட்டது, கப்பலுக்காகக் குறைக்கிறார்கள் என்று. கடைசியில் இரண்டு துணிப்பையில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்போதும் மாமா போகவில்லை. சாமான் உள்ளே இருந்தாலும் கதவு பூட்டிக் கிடந்தால் தூக்கித் தெருவில் எறிந்துவிடுவார்கள், அடுப்பு எரியவேண்டும், வாசலில் ஆள் தென்படவேண்டும், இந்த மாதமோ அடுத்த மாதமோ அதிகாரி வந்துவிடுவார் என்றார். அம்மா, நான் இருக்கிறேன் என்றாள். ஜோடி இல்லாமல் தாரை வார்ப்பது எப்படி என்றார் அப்பா. யாரும் அத்தையைப் பார்க்கவில்லை.

அத்தை பெட்டிக்குள் கையைவிட்டுத் தன் சேலைகள் இரண்டையும் எடுத்தாள். வாசலுக்குப் போய் உதறிக் கொடியில் போட்டாள். இரண்டும் துவைத்து மடித்த சேலைகள். காயப்போட வேண்டிய அவசியமே இல்லை.

“எனக்குத் தண்ணியப் பாத்தாலே தல சுத்தும்ண்ணே. நீங்க போய்ட்டு வாங்க.”

ஆற்றை நீந்துகிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு புரிந்துவிட்டதாக நினைத்தேன். ராவுத்தர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. கனம் கூடிவிட்டது, ஒரு ஆளை இறக்கிவிடுகிறார்கள். நான் பெட்டிக்குப் போய் என் பம்பரத்தை எடுத்துக்கொண்டு வந்து அத்தை கையில் கொடுத்தேன். “இத எடுத்துட்டேன். இப்ப கனம் கொறஞ்சிருக்கும். நீ வரலாம்” என்றேன்.

அத்தை பம்பரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை நிலைப்படி ஓரமாக, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

“இது இங்கேயே கெடக்கட்டும் மருமவனே. புள்ள இருக்குற வீடுன்னு தெரியும்ல.”

மறுநாள் காலையில் இரண்டு பையோடு கிளம்பினோம். கரையில் காரியக்காரர் எதிரே வந்தார். குடும்பத்தோடு எங்கே பயணம் என்று கேட்டார். திருக்கடையூரில் சொந்தக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் என்றார் அப்பா. காரியக்காரர் பைகளைப் பார்த்தார். பிறகு எங்கள் தலைக்கு மேலாக வீட்டைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அத்தை ஈர விறகை வைத்திருக்கவேண்டும், கூரையெல்லாம் புகைந்துகொண்டிருந்தது. கொடியில் சேலைகள் ஆடின. “நல்லா சாப்ட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போனார்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தளம் கிடந்தது. அப்பா அங்கே யாரையும் உட்காரவிடவில்லை. கனம் ஏறிவிடும் என்று நான் சாப்பிட மறுத்து அம்மாவிடம் அடிவாங்கினேன். பினாங்கில் கல்யாணம் நன்றாக நடந்தது. பெரியப்பா கெஞ்சியதில் நினைத்துப் போன நாளைவிட அதிகமாகவே தங்கிவிட்டோம். திரும்பும்போது ஒரு பெரிய பெட்டி நிறையத் துணியும் பிஸ்கோத்து டின்னும் கொடுத்தார். அத்தைக்கென்று வழவழவென்று ஒரு சேலை. அவ்வளவு கனத்தையும் ஏற்றிக்கொண்டு கப்பல் முழுகாமல் வந்து சேர்ந்தது. இதற்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று எனக்கு ராவுத்தர்மேல் கோபம் வந்தது.

நாங்கள் போனபிறகு ஊரில் நடந்ததை நான் வளர்ந்த பிறகுதான் எதிர்வீட்டு மாமாவிடம் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோடையில் அத்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. இறங்கவே இல்லை. திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுகிறோம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்களாம். அதிகாரி வந்துவிட்டுப் போகட்டும் என்று படியிறங்க மறுத்துவிட்டாள். மாமா வீட்டுப் பெண்கள் வந்து அடுப்பை எரிக்கிறோம், நீ போ என்றதற்கும் கேட்கவில்லை. காரியக்காரர் கரைமேல் வருகிற நேரத்தில் எப்படியாவது எழுந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். எங்கே உன் அண்ணன், இன்னுமா சாப்பாடு முடியவில்லை என்று அவர் கேலி பேசினால், பந்தி பெருசுங்க, முடிஞ்சதும் வந்துடுவாங்க என்பாளாம். கடைசியில் அதிகாரி வந்த அன்றைக்கு அவளால் நிற்க முடியவில்லை. படுத்தபடியே தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டு தெருவைத் தாண்டிய பிறகுதான் வண்டியில் ஏற்றச் சம்மதித்தாள். வண்டி திருவாரூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்கள் நேற்றுப் பெட்டிகளை நிறுத்தீர்களே, அந்தக் கூடத்துக்குக் கீழே இருப்பது அந்த மண்தான். மனை இன்றைக்கும் அத்தை பெயரில்தான் இருக்கிறது. என் அப்பா மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை.

ஆனால் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். மாமா அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அப்பா தலையில் இருந்த பெட்டியைக் கரையிலேயே இறக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தை எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். அத்தை ஊருக்குப் போயிருக்கிறது என்றாள்.

நான் முன்னால் வீட்டுக்கு ஓடினேன். நிலைப்படி ஓரத்தில் என் பம்பரம் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே தகரப்பெட்டி இருந்தது. அத்தையின் சீப்பு கூரையில் செருகியபடி இருந்தது. சாப்பிடுகிற வட்டில் கவிழ்த்திருந்தது. வாசலில் கொடியைப் பார்த்தேன். இரண்டு சேலையும் வெயிலில் வெளுத்து, எது பச்சை எது மாந்துளிர் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

திரும்பக் கரைக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன்.

“அத்த சாமானெல்லாம் இங்கதாம்ப்பா இருக்கு. ஒண்ணும் எடுத்துக்கிட்டுப் போவல. அப்ப குடி இங்கதானே. வந்துடும்.”

அப்பா தோள்துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. காரியக்காரர் பேசுவதைப்போலவே நான் பேசிவிட்டேன், அதனால்தான் சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் பம்பரம் சுற்றப் போய்விட்டேன்.